கல்லட்டி இறக்கமும் ஸ்கூட்டரும்



ஊட்டியிலிருந்து ஸ்கூட்டரிலேயே கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்குகிறீர்களாமே! 36 கொண்டை ஊசி வளைவுகள். வெளியூர் வண்டிகளை அந்த வழியில் இறங்க விடுவதில்லை; நம் டிஎன் 43 வண்டிதானே என்ற துணிச்சல் வேண்டாம்.

கியர் பைக்கை இரண்டாவது கியரில் போட்டால் என்ஜினே வேகத்தைப் பிடித்துக்கொள்ளும். ஸ்கூட்டரில் ஆக்சிலேட்டரை விட்டு வேகம் குறைந்ததும் கிளட்ச் விலகிவிடும், வண்டி சும்மா உருளும். பாரமெல்லாம் பிரேக்கின் மேல்தான். விடாமல் அழுத்திக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடிக்காமல் போகும். கருகல் வாடை வந்தால் ஓரங்கட்டி ஆறவிடுங்கள். பெட்ரோல் மிச்சமென்று என்ஜினை அணைத்துவிட்டு இறங்குகிறவர்களை என்ன சொல்ல!

வளைவுக்கு முன்பே இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள். ஏறி வருகிற வண்டிக்கு வழிவிடுங்கள், சட்டமும் அதுதான். பின்னால் உட்காருகிறவருக்கும் ஹெல்மெட்.

மசினகுடி சேர்ந்ததும் ஒரு போன் போடுங்கள்.