புளியில் தேய்த்த ஓட்டைக் காலணா!

பாளையங்கோட்டையில் அந்தத் தாத்தா, பொங்கலுக்கு வெள்ளையடிப்பதற்காகப் பரணைக் காலி செய்தபோதுதான் நாணய ஆல்பம் கீழே வந்தது. பத்து வருஷமாகத் திறக்காதது. பிளாஸ்டிக் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. காசுகள் மேல் பச்சையாக, கோந்து மாதிரி ஒரு பிசுபிசுப்பு.

"களிம்பு ஏறிட்டு. புளி போட்டுத் தேச்சா போயிரும்" என்று உட்கார்ந்துவிட்டார். செம்புக் குடத்தை நாம் அப்படித்தானே துலக்குகிறோம்! முதலில் கையில் எடுத்தது ஓட்டைக் காலணா. 1943 முதல் 1947 வரை நடுவில் ஓட்டையோடு வந்த வெண்கலக் காசு. அவர் அம்மாவின் சுருக்குப்பையில் கடைசியாகக் கிடந்தது அது. தேய்த்து முடித்ததும், பழைய பழுப்பு நிறம் மொத்தமும் போய், நேற்று அடித்தது மாதிரி சிவந்து நின்றது. பழங்காசுக்கு மதிப்பே அந்தப் பழுப்பில்தான். தேய்த்தால் திரும்பாது.

கல்லூரியில் வேதியியல் படிக்கும் பேத்தி ஓடிவந்தாள். "தாத்தா, அடுத்ததத் தொடாதீங்க! களிம்புன்னா காய்ஞ்சு இறுகி இருக்கும். இது ஒட்டுது பாருங்க."

வில்லன் அந்த ஆல்பம்தான். அது பி.வி.சி. பிளாஸ்டிக். மழைக்கோட்டு போல வளைவதற்காக அதில் எண்ணெய் மாதிரி ஒரு பொருளைச் சேர்ப்பார்கள். வருஷக்கணக்கில் அது கசிந்து வரும். சூட்டிலும் ஈரத்திலும் பி.வி.சி. சிதைந்து அமிலமும் வெளியேறும். நெல்லை வெயிலில், ஓட்டுக்குக் கீழே, பரணில் கேட்கவா வேண்டும்? அமிலம் செம்பை அரிப்பதால் வருவதே அந்தப் பச்சை. ஐந்தாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாயும் தப்பவில்லை. அதில் வெள்ளி 91.7 சதவிகிதம்தான், மிச்சத்தில் செம்பு உண்டு.

மீதிக் காசுகளைக் கண்ணாடிக் கிண்ணத்தில் சுத்தமான அசிட்டோன் ஊற்றி ஊறப்போட்டாள். நகப்பூச்சு அழிக்கும் திரவம் கூடாது, அதில் வாசனையும் எண்ணெயும் கலந்திருக்கும். அடுப்பு பக்கமே போகாமல், ஜன்னல்களைத் திறந்துவைத்துச் செய்தாள். பசை கரைந்தது. தேய்க்கவே இல்லை. இரண்டு காசுகளில் மட்டும் அரித்த குழி அப்படியே இருந்தது.

புது ஆல்பம் வாங்க டவுனுக்குப் போனார்கள். கடையிலேயே பேத்தி மோந்து பார்த்தாள். புது மழைக்கோட்டு வாடை, இழுத்தால் நீளுகிறது. வேண்டாம் என்று வைத்துவிட்டாள். மைலார் எனப்படும் பாலியஸ்டர் உறை விறைப்பாக, கசக்கினால் மொறுமொறுவென்று சத்தம் போடும். அதுதான் வேண்டும். சாமானின் அடியில் முக்கோணத்துக்குள் 3 என்றிருந்தால் பி.வி.சி. 5 என்றால் பாலிபுரொப்பிலீன், பயமில்லை.

"ஏட்டி, அந்த அஞ்சு இதுல இருக்கே" என்று ஆச்சி காலி அல்வா டப்பாக்களை அடுக்கினார். உண்மைதான்! நெய்ப்பிசுக்குப் போகக் கழுவி, ஒரு நாள் முழுக்கக் காயவைத்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றும் போட்டார்கள். ரப்பர் பேண்டு கிடையாது. அதிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்கவைக்கும். டப்பா பரணுக்குப் போகாமல் பீரோவுக்குப் போனது.

சிவந்துபோன காலணாவைத் தனி உறையில் போட்டார் தாத்தா. வெளியே ஒரு சீட்டில் பென்சிலால் எழுதி ஒட்டினார்: "அம்மா காசு. நான் புளியில் தேய்த்தது."