மௌத்து வீட்டுக்கு இன்னொரு சட்டமா?



மௌத்து வீட்டில் சொத்துப் பேச்சு வந்தால், "இதுக்கு ஒரு புதுச் சட்டம் கொண்டு வரணும்" என்று யாராவது சொல்வார்கள். சட்டம் இல்லாததாலா நாம் சிரமப்படுகிறோம்?

விருப்பாவணம் எழுதாமல் மௌத்தான முஸ்லிமின் சொத்துக்கு 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. பங்குகளை மார்க்கச் சட்டமே தீர்மானிக்கும். பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒன்று. விருப்பாவணம் எழுதும் முறை 1840இலேயே வந்துவிட்டது: நொத்தாரிசுடன் இரண்டு சாட்சிகள், அல்லது நொத்தாரிசு இல்லாமல் ஐந்து சாட்சிகள். மரணசாதன வழக்குக்கு மாவட்ட நீதிமன்றம் இருக்கிறது.

இதற்கு மேலும் ஒரு சட்டம் வந்து அதே விபரத்தைக் கேட்டால், இன்னொரு சத்தியக் கடதாசி, இன்னொரு கட்டணம், இன்னொரு தவணை. அலையப் போவது யார்? இத்தாவில் இருக்கும் உம்மாவும், அந்த நேரத்தில் வகுப்பில் இருக்க வேண்டிய பிள்ளையும்தான்.

நம் நாட்டில் ஜனாதிபதிக்கு வீட்டோ அதிகாரம் இல்லை. சபாநாயகர் சான்றுரைத்த பிறகு நீதிமன்றத்திலும் அந்தச் சட்டத்தைக் கேள்வி கேட்க முடியாது. ஆகவே எந்தச் சட்டமூலம் வந்தாலும், அது சட்டமூலமாக இருக்கும்போதே கேட்போம்: பழைய சட்டம் தராத எதை இது தருகிறது? பதில் இல்லையென்றால், வேண்டாம் என்று சத்தமாகச் சொல்வோம்.

குர்ஆன் பங்குகளைச் சொல்லும் இடத்திலேயே, வஸிய்யத்தையும் கடனையும் நிறைவேற்றிய பிறகுதான் என்கிறது. உறுதி எங்கே, கடன் யாருக்கு என்று இன்றைக்கே ஒரு கொப்பியில் எழுதி வைப்போம். அதற்கு எந்தச் சட்டமும் தேவையில்லை.