மைனஸ் 28

வியாழன், இரவு

ஐப்பசி அடைமழை. சாயங்காலம் போன கரண்ட் ஒருவழியாக வந்தது, நெட் வரவில்லை. மகள் நாளைக் காலைக்குள் அனுப்ப வேண்டிய வேலையோடு கூடத்தில் காத்திருக்கிறாள். அம்மாவின் சீரியல் பாதியில் நின்று வட்டமடிக்கிறது.

“வைஃபை வரலைப்பா” என்றாள் மகள்.

வைஃபை வந்திருக்கிறது. போனில் கோடுகள் முழுசாக இருக்கின்றன. பக்கத்தில் ஓர் ஆச்சரியக்குறி, அவ்வளவுதான். ரவுட்டர் பெட்டிக்கும் போனுக்கும் நடுவில் காற்றில் ஓடுவது ஓர் இணைப்பு. பெட்டியிலிருந்து தெருக் கம்பம் வழியாகக் கம்பெனி வரை போகும் ஃபைபர் வேறோர் இணைப்பு. ஒன்று நன்றாக இருக்கும்போதே மற்றது செத்துக் கிடக்கலாம். எது போயிருக்கிறது என்று தெரியும்வரை எதையும் கழற்றுவதில்லை என்று முடிவு செய்தேன்.

போனில் மொபைல் டேட்டாவை நிறுத்திவிட்டு, பிரவுசரில் 192.168.1.1 என்று அடித்தேன். ரவுட்டரின் லாகின் பக்கம் உடனே திறந்தது. 192.168 என்று தொடங்கும் எண்களை வீட்டுக்குள்ளும் ஆபீசுக்குள்ளும் புழங்குவதற்கென்றே 1990-களில் ஒதுக்கிவிட்டார்கள். அந்தப் பக்கத்தைத் திறக்க இன்டர்நெட் தேவையில்லை. ஆக போன், வைஃபை இரண்டும் குற்றமற்றவை. பெட்டிக்கும் உயிர் இருக்கிறது.

விஷயம் கேள்விப்பட்டு அக்கா மகன் கூப்பிட்டான். “மாமா, பின்னாடி குட்டியா ஒரு ஓட்டை இருக்கும். ஊசிய விட்டு கொஞ்ச நேரம் அழுத்துங்க. எல்லாம் சரியாயிடும்.”

ஊரெல்லாம் சொல்லும் வைத்தியம் இது. அந்த ஓட்டைக்குள் இருப்பது ரீசெட் பொத்தான். அழுத்தினால் பெட்டி கடையிலிருந்து வந்த கோலத்துக்குத் திரும்பிவிடும். எங்கள் வீட்டைப் போல யூசர்நேம், பாஸ்வேர்டு போட்டு இணைகிற லைன்களில் கம்பெனிக்காரர் பதிந்துவிட்டுப் போனதெல்லாம் அழிந்துபோகும். அப்புறம் லைன் சரியானாலும் நெட் வராது. ஸ்விட்சை அணைத்துப் போடுவதில் இந்த ஆபத்து கிடையாது. அணைத்து, கொஞ்சம் பொறுத்துப் போட்டேன். நெட் வந்தது. மகள் பெருமூச்சு விட்டு முடிப்பதற்குள் போய்விட்டது.

வெள்ளி

வருகிறது, போகிறது. முழுசாகப் போயிருந்தால்கூடக் கண்டுபிடிப்பது சுலபம்.

காலையில் பெட்டியின் முன்னாலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். முதல் சந்தேகம் அடாப்டர் மேல். அது தளர்ந்திருந்தால் பெட்டியே அணைந்து அணைந்து எழும். எல்லா விளக்கும் ஒரேயடியாகப் போகும். இங்கே பவர் விளக்கு அசையவில்லை. அடுத்த சந்தேகம் டிஎன்எஸ். பெயரைக் கொடுத்தால் எண்ணைத் தேடித் தரும் அந்த ஏற்பாடு மட்டும் படுத்திருந்தால், வலைத்தளங்கள் திறக்காவிட்டாலும் 8.8.8.8 என்ற எண்ணுக்கு விடும் பிங் போய்த் திரும்பும். மகளின் லேப்டாப்பில் அதை ஓடவிட்டுப் பார்த்தேன். நெட் அறுந்த நொடியில் பிங்கும் அறுந்தது. அதே நொடியில் பெட்டியில் ‘லாஸ்’ விளக்கு சிவப்பாகச் சிமிட்டியது. பச்சையாக நின்ற ‘பான்’ விளக்கு அணைந்தது.

லாஸ் சிவப்பு என்றால் ஃபைபர் வழியே வரவேண்டிய ஒளி போதவில்லை என்று அர்த்தம். எவ்வளவு போதவில்லை என்பதும் பெட்டிக்குள்ளேயே இருந்தது. ஸ்டேட்டஸ் பக்கத்தில் ஆப்டிகல் என்ற பகுதியில், ஆர்எக்ஸ் பவர் மைனஸ் 28 டிபிஎம். வீட்டுக்கு வரும் ஒளி பொதுவாக மைனஸ் 8-க்கும் மைனஸ் 27-க்கும் நடுவில் இருக்க வேண்டும். இந்தக் கணக்கில் 3 டிபி குறைந்தால் ஒளி பாதியாகிறது. எங்கள் லைன் வரம்பின் விளிம்பைத் தாண்டி ஊசலாடிக்கொண்டிருந்தது.

கஸ்டமர் கேருக்குப் போன் போட்டேன். “ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா சார்?” என்று வழக்கமான கேள்வி. “பண்ணியாச்சும்மா. லாஸ் சிவப்பு விட்டு விட்டு வருது. ஆர்எக்ஸ் மைனஸ் 28” என்றேன். அதற்குமேல் கேள்வி வரவில்லை. “நாளைக்கு லைன்மேன் வருவார் சார்.”

சனி

மழை விட்டிருந்தது. ஏணியும் தோள்பையுமாக ஒரு தம்பி வந்தார். பெட்டியின் பின்னாலிருந்து பச்சை முனையைக் கழற்றி மீட்டரில் செருகினார். “மைனஸ் 28.6. டிபி ஏறிக் கெடக்கு சார். கம்பத்துல நல்லாத்தான் இருக்கு, வர்றப்பவே பாத்துட்டேன். உங்க வீட்டு ஒயர்லதான் அடி.”

பிறகு செய்ததைப் பார்க்க அம்மாவும் வாசலுக்கு வந்துவிட்டார். தம்பி மீட்டரை எடுத்துவிட்டு அதே முனையில் பேனா அளவுக்கு ஒரு லேசரைச் செருகினார். நெட்டைச் சுமந்து வரும் ஒளி அகச்சிவப்பு, கண்ணுக்குத் தெரியாது. இது நல்ல சிவப்பு. ஒயரைத் தொட்டுக்கொண்டே போனவர் சன்ஷேடு மூலையில் நின்றார். கொய்யாக்கிளை உரசும் இடம். மேலுறை சுரண்டப்பட்டு, உள்ளேயிருந்து குங்குமப் பொட்டு அளவுக்குச் சிவப்பு கசிந்துகொண்டிருந்தது.

“அணிலு சார். கடிச்சிருக்கு, ஆனா அறுக்கல. காத்துல ஆடுறப்ப விரிசல் தெறந்து மூடுது. அதான் விட்டு விட்டு வருது.”

கடிபட்ட துண்டை வெட்டி எறிந்தார். உறையை உரித்தால், உள்ளே இருக்கும் கண்ணாடி இழை 125 மைக்ரான். ஒளி ஓடும் நடுப்பகுதியோ அதில் வெறும் 9 மைக்ரான். ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்து, கிளீவரில் வைத்து முனையை நேராக நறுக்கினார். ஸ்ப்ளைசிங் மெஷினின் சின்னத் திரையில் இரண்டு முனைகளும் எதிரெதிரே தூண் போலத் தெரிந்தன. தானே நகர்ந்து நெருங்கின, ஒரு மின்பொறி, ஒன்றாகிவிட்டன. ஒட்டிய இடத்தை வேறொரு சிறு பெட்டிக்குள் வைத்து மூடி, ஒயரைக் கிளையிலிருந்து தள்ளிக் கட்டினார்.

மறுபடியும் மீட்டர். மைனஸ் 20.4.

ஞாயிறு

அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். கஸ்டமர் எண், யூசர்நேம், பாஸ்வேர்டு. அதன் கீழே நேற்றைய தேதி போட்டு, ‘நல்ல நிலையில் மைனஸ் 20’. லைன் நன்றாக இருக்கும்போதே இதைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்த மழையில் 24-க்கு இறங்கினால், நெட் ஓடிக்கொண்டிருக்கும்போதே எங்கோ பழுது தொடங்கிவிட்டது என்று தெரிந்துவிடும்.

நான் வெளியூர் போயிருந்தால் என்ன செய்வது என்று அம்மா கேட்டார். பெட்டியில் சிவப்பு இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொன்னேன். சிவப்பு இருந்தால் வீட்டில் யாரும் எதையும் நோண்ட வேண்டாம். கம்பெனிக்குக் கூப்பிட்டு, “நெட் வரல” என்று சொல்லாமல், “லாஸ் சிவப்பு எரியுது” என்று சொன்னால் போதும்.