மேடை ஏறாத அண்ணாச்சி

விருதுநகர் ஆயுதப்படை மைதானம். அக்டோபர் 21, காலை நேரம். நினைவுத்தூணுக்கு எதிரே காவலர்கள் அணிவகுத்து நிற்கிறார்கள். 1959-இல் இதே நாளில், லடாக்கின் ஹாட் ஸ்பிரிங்ஸ் பகுதியில் சீனப் படையினர் தாக்கியதில் மத்திய ரிசர்வ் காவல் படையினர் 10 பேர் உயிரிழந்தார்கள். அவர்கள் நினைவாகத்தான் நாடெங்கும் இந்த வீரவணக்கம். அதிகாரிகள் மலர்வளையம் வைக்கிறார்கள். துப்பாக்கிகள் வானத்தைப் பார்த்து முழங்குகின்றன. முன்வரிசையில், பணிக்காலத்தில் இறந்துபோன காவலர்களின் குடும்பத்தார்.

பந்தலுக்கு வெளியே வேப்பமர நிழலில் ஒருவர் நிற்கிறார். வெள்ளை வேட்டி, அரைக்கைச் சட்டை, கையில் மஞ்சள் துணிப்பை. செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டிருக்கிறார். சிவகாசியில் பேப்பர் கடை வைத்திருப்பவர். வெடிக்குழாய் சுற்றும் காகிதமும் காலண்டர் அட்டையும்தான் அவர் சரக்கு. ஏட்டு ஒருவர் விரைந்து வருகிறார்.

“அண்ணாச்சி, உள்ள வந்து உக்காருங்க. சேர் போட்டிருக்கு.”

“இருக்கட்டும்யா. அது அவுக உக்கார்ற இடம்.”

நிகழ்ச்சி முடிந்து கூட்டம் கலைகிறது. நடுத்தர வயதுப் பெண் ஒருவர் மகளுடன் அவரிடம் வருகிறார். கணவர் தலைமைக் காவலர்; இரவு ரோந்து முடித்துத் திரும்பும்போது சாலை விபத்தில் போனவர். அந்தப் பெண் ஒரு பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கிறார். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, காவலர் குடியிருப்பைக் காலி செய்வது பற்றிய கடிதம். எல்லாவற்றுக்கும் அடியில் மகளின் கல்லூரிக் கட்டணச் சலான். அண்ணாச்சி மற்றவற்றைத் தொடவில்லை. சலானை மட்டும் எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படிக்கிறார். துணிப்பையை முழங்காலில் வைத்துக் காசோலை எழுதுகிறார், கல்லூரியின் பெயருக்கே.

“அடுத்த செமஸ்டருக்கு நீங்க அலைய வேண்டாம், தாயி. சலானை மட்டும் கடைக்கு அனுப்பி விடுங்க. பாப்பா, நீ படிச்சா போதும்.”

யாரோ செல்போனைத் தூக்கிப் படமெடுக்க வருகிறார். அண்ணாச்சி கையமர்த்துகிறார். “எங்களை எதுக்குய்யா எடுக்கீக? இந்தப் புள்ள பட்டம் வாங்குற அன்னைக்கு எடுங்க.”

காவலர் வீட்டுத் துயரத்தில் நமக்குத் தெரிவது கொஞ்சம்தான். 2021 நவம்பரில் ஆடு திருடியவர்களை விரட்டிப்போய் வெட்டிக் கொல்லப்பட்டார் திருச்சி நவல்பட்டு சிறப்பு உதவி ஆய்வாளர் பூமிநாதன். நாடே பேசியது; அரசு 1 கோடி ரூபாய் அறிவித்தது. அது நியாயமான மரியாதை. ஆனால் விபத்திலும் மாரடைப்பிலும் போகிற காவலருக்குத் தலைப்புச் செய்தி இல்லை. அந்த வீட்டிலும் அதே பிள்ளைகள், அதே கட்டணம், அதே வீட்டு வாடகை. ஒரே ஆண்டில் பணியில் சேர்ந்த ‘பேட்ச்’ காவலர்கள் தங்கள் சம்பளத்திலிருந்து ஆளுக்குக் கொஞ்சம் போட்டு அந்தக் குடும்பங்களைத் தாங்கிப் பிடிக்கிறார்கள். சொந்த வீட்டுக் கடனுக்கு நடுவே அவர்கள் செய்கிற உதவி அது.

விருதுநகர் மாவட்டத்தில் காவலரின் ஆண்டு எப்படி ஓடுகிறது? ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேர், இருக்கன்குடி ஆடிக் கடைசி வெள்ளி, சதுரகிரி அமாவாசை, தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் பட்டாசு வாங்க வருகிற வண்டிகளால் திணறும் சிவகாசிச் சாலைகள். எல்லாவற்றுக்கும் பந்தோபஸ்து. இடையில் எங்காவது பட்டாசு ஆலையில் வெடித்தால் ஓட வேண்டும். 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டி பட்டாசு ஆலை விபத்தில் ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள். உதவ ஓடியவர்களும் வேடிக்கை பார்க்க நின்றவர்களும் அதில் உண்டு. புகைக்கும் கூட்டத்துக்கும் நடுவே ஒரு காவலர் நிற்பது எத்தனை உயிருக்குக் காவல் என்பதை அந்தப் பகல் இந்த ஊருக்குச் சொல்லிவிட்டது.

காவலர் வீட்டுப் பிள்ளைகளுக்குச் செய்கிற செலவு அண்ணாச்சியின் கடைப் பேரேட்டில் ‘மகமை’ என்ற பக்கத்தில் ஏறுகிறது. விற்ற மூட்டைக்கு இவ்வளவு என்று வியாபாரிகள் பொதுவில் எடுத்து வைத்த பணம்தான் மகமை. அந்தப் பணத்திலும் வீட்டுக்கு வீடு திரட்டிய பிடியரிசியிலும் விருதுநகரில் சத்திரிய வித்தியாசாலை வளர்ந்தது. காமராஜர் படித்தது அங்கேதான். எந்தக் கடையின் மகமை எந்தப் பிள்ளைக்குப் புத்தகமானது என்று யாரும் சொல்ல முடியாது. கொடுத்தவர் பெயர் பொதுவில் கரைந்துபோவதுதான் அதன் அழகு.

காவல்துறைக்கு வியாபாரி உதவும்போது இந்த அழகு இன்னும் அவசியம். இன்று கொடுத்தவர் நாளை ஸ்டேஷன் வாசலில் சலுகை கேட்டு நின்றால், உதவி அங்கேயே லஞ்சமாகிவிடும். அண்ணாச்சி இதை நன்றாக உணர்ந்தவர். தம் கணக்குப்பிள்ளைக்கு அவர் போட்டிருக்கும் உத்தரவு இது: “நம்ம லாரியை மடக்குனா அபராதத்தைக் கட்டிட்டு வா. என் பேரைச் சொல்லி யாருக்கும் போன் போடப்படாது.”

சாலைத் தடுப்புகளில் ஜவுளிக்கடைப் பெயரும் நகைக்கடைப் பெயரும் பார்க்கிறோம். ஊருக்குப் பயன்படுவதால் அதுவும் நல்ல காரியமே. அதற்கு மேலே ஒரு படி இருக்கிறது. காவலர் வீட்டுப் பிள்ளைகளின் படிப்புக்கென்று பஜார் முழுவதும் ஒரு மகமைக் கணக்கைத் தொடங்கலாம். பணம் நேராகக் கல்லூரிக்கே போகட்டும். வரவு செலவை எல்லோரும் பார்க்கட்டும். எந்த முதலாளியின் பெயரும் எந்த அதிகாரியின் கையும் அதில் தனியாகத் தெரிய வேண்டாம். பிடியரிசியில் பள்ளிக்கூடத்தை வளர்த்த ஊருக்கு இது பெரிய வேலையே இல்லை.