செபம் வராத நாட்களில்

"கடவுள் உண்மையில் எங்களைப் பார்க்கிறாரா?" போரைக் கண்ட பெண்களுக்கு இந்தக் கேள்வி புதியதல்ல. வாய்விட்டுக் கேட்கத்தான் பயப்படுகிறோம். கேட்டால் பாவம் என்று எண்ணி மனதுக்குள் பூட்டி வைக்கிறோம். அந்தக் கேள்வியோடு பல வருடங்கள் வாழ்ந்தவள் என்ற முறையில் சில வார்த்தைகள் எழுதுகிறேன்.

நான் மன்னார் மாவட்டத்துக் கத்தோலிக்கப் பெண். மடு மாதாவின் வளவுக்குள் போய்விட்டால் ஒரு தீங்கும் வராது என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். அந்த நம்பிக்கையில்தான் இடம்பெயர்ந்த ஆயிரக்கணக்கான சனங்கள் அங்கே தஞ்சம் புகுந்தார்கள். 1999 நவம்பரில் அந்த வளவுக்குள்ளேயே எறிகணை விழுந்து, சிறுவர்கள் உட்படப் பலர் இறந்தார்கள். 2008 ஏப்ரலில் மாதாவின் திருச்சொரூபத்தையே பாதுகாப்புத் தேடித் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோக வேண்டி வந்தது. 2009இல், போரின் கடைசி நாட்களில், என் கணவர் காணாமற் போனார்.

செட்டிகுளம் முகாமில் செபமாலையைக் கையில் எடுப்பேன். ஒரு சொல்லும் வராது. "எல்லாம் கடவுளின் சித்தம்" என்றார்கள் சிலர். "உன் விசுவாசம் போதாது" என்றார்கள் வேறு சிலர். இரண்டு பேச்சும் என்னைக் கடவுளிடமிருந்து இன்னும் தூரமாக்கின.

பக்கத்துக் கூடாரத்தில் இருந்த வயோதிபத் தாய் ஒருவர்தான் வேறு விதமாகப் பேசினார். "பிள்ளை, செபம் வராட்டி விடு. சும்மா வந்து எங்களோட இரு. உனக்கும் சேர்த்து நாங்கள் சொல்லுறம்" என்றார். போய் இருந்தேன். பல மாதங்கள் வாய் திறக்கவில்லை. ஒருவரும் ஏன் என்று கேட்கவும் இல்லை.

பின்னர் புனித தோமையாரைப் பற்றி யோசித்தேன். அவரைச் சந்தேகப்பட்டவர் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் உயிர்த்த ஆண்டவரைக் கண்டதாக மற்றச் சீடர்கள் சொன்னதை நம்பாத பிறகும், எட்டு நாட்கள் கழித்து அவர் அவர்களோடு அதே வீட்டில்தான் இருந்தார். அவரும் விலகிப் போகவில்லை, அவர்களும் அவரை வெளியேற்றவில்லை. அங்கேதான் ஆண்டவர் வந்தார்.

அன்னை தெரேசாவின் கடிதங்கள் அவர் இறந்து பத்து வருடங்களின் பின், 2007இல் நூலாக வெளிவந்தன. ஏறக்குறைய ஐம்பது வருடங்கள் அவர் உள்ளத்தில் இருளையும் வெறுமையையும் உணர்ந்ததை அவை காட்டின. ஆனாலும் அவர் செபத்தையும் ஏழைகளையும் விடவில்லை. வேதாகமத்தில் 88ஆம் சங்கீதம் முழுவதும் அழுகைதான். முடிவில்கூட ஆறுதல் இல்லை, இருளோடுதான் முடிகிறது. அதையும் செபமென்றுதான் திருச்சபை காத்து வைத்திருக்கிறது. அப்படியானால் எங்கள் கோபமும் கண்ணீரும் செபமாகாதா?

இதிலிருந்து நான் பழகிக்கொண்டவை சில. செபிக்கும்போது இல்லாத பக்தியைக் காட்டுவதில்லை. "ஆண்டவரே, எனக்கு உம்மில் கோபம்" என்று சொல்ல வேண்டிய நாளில் அதையே சொல்லுகிறேன். மனம் வராவிட்டாலும் ஞாயிறு பூசைக்குப் போகிறேன். மனப்பாரத்தை நம்பிக்கையான ஒரு அருட்சகோதரியிடம் சொல்லுகிறேன். நித்திரையும் சாப்பாடும் பல நாட்கள் இல்லாமற் போனபோது வைத்தியரிடமும் போனேன். மனம் களைத்துப் போவது விசுவாசக் குறைவு அல்ல.

என் கணவர் இன்னும் வரவில்லை. என் கேள்விக்கும் பதில் கிடைக்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வியைக் கடவுளிடமே கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவரை விட்டுப் போகாமல் இருப்பதற்கு எனக்குத் தெரிந்த வழி இதுதான்.

சகோதரிகளே, உங்கள் செபக் கூட்டத்தில் ஒருத்தி வாய் திறக்காமல் இருந்தால் அவளுக்குப் புத்தி சொல்லாதீர்கள். பாயில் கொஞ்சம் தள்ளி அவளுக்கும் இடம் கொடுங்கள். அவளுக்கும் சேர்த்து நீங்கள் செபியுங்கள்.