45 மில்லிமீட்டர்க் குறைவு



என்னிடம் ஒரு வேன் உண்டு. ஜப்பானில் பாவிக்கப்பட்டு இலங்கைக்கு வந்தது. புத்தளம் பகுதியில் நான் கற்பிக்கும் மத்ரஸாவுக்குக் காலையில் பதினொரு மாணவர்களை அதில்தான் ஏற்றி வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் அதன் ஒட்டோ கியர்பொக்ஸ் பழுதடைந்தது. அதைத் திருத்தும் செலவு என் சக்திக்கு மீறியதாக இருந்தமையால், பாவித்த மெனுவல் கியர்பொக்ஸ் ஒன்றை வாங்கிப் பூட்ட முடிவு செய்தேன். கொழும்பு பஞ்சிகாவத்தையில் அது கிடைத்தது.

இம்மாற்றத்துக்குத் தேவையான பொருட்களைப் பட்டியலிட்டோம். கிளட்ச் மிதி, கிளட்ச் தட்டு, மெனுவலுக்குரிய பிளைவீல், எஞ்சின் தண்டின் முனையில் பதிக்கும் சிறு பெயரிங், ரிவர்ஸ் விளக்குக்கான வயர் என எல்லாம் அதில் இருந்தன. கியர்பொக்ஸிலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டு செல்லும் நீண்ட குழாயாகிய புரொப்பெலர் ஷாஃப்ட் மட்டும் பட்டியலில் இல்லை. பழையது நல்ல நிலையில்தானே இருக்கிறது என்று எண்ணினோம்.

பரீட்சை நெருங்கியிருந்தது. விரைவாக முடித்துத் தருமாறு மெக்கானிக்கை நெருக்கியவன் நானே. பழைய ஷாஃப்டின் முன்முனைப் பற்கள் புதிய கியர்பொக்ஸின் பற்களோடு இணங்கின. உள்ளே சென்றது, பூட்டியாயிற்று, நானும் அல்ஹம்துலில்லாஹ் என்று புறப்பட்டேன்.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தை எட்டியதும் காலடியில் நடுக்கம் தெரிந்தது. பள்ளத்தில் இறங்கி ஏறும்போது அடியிலிருந்து ‘டொக்’ என்றோர் ஓசை எழுந்தது. அப்படியே நான்கு நாட்கள் பிள்ளைகளை ஏற்றிச் சென்றேன். ஐந்தாம் நாள் மனம் கேளாமல், அயலூரில் நீண்ட காலமாகத் தொழில் செய்யும் ஒரு நானாவிடம் வேனைக் கொண்டு சென்றேன்.

அவர் சக்கரங்களைத் தொங்கவிடாமல், வேனின் பாரம் முழுவதும் அவற்றின் மீது நிற்கும்படி வைத்தே அளந்தார். ஷாஃப்டின் முன்முனை கியர்பொக்ஸுக்குள் இறுதிவரை சென்று முட்டும் நிலையிலிருந்து 20 முதல் 25 மில்லிமீட்டர் வரை வெளியே நிற்பதே முறையாம். பின் அச்சு ஏறி இறங்கும்போது தூரம் கூடிக் குறையும். அதற்கேற்ப அம்முனை உள்ளும் புறமும் நகர இடம் வேண்டும். என் வேனில் அது ஏறத்தாழ 70 மில்லிமீட்டர் வெளியே வந்திருந்தது. புதிய கியர்பொக்ஸ் பழையதைவிட 45 மில்லிமீட்டர் குட்டை. உள்ளே பற்றியிருந்தது பெருவிரலின் ஒரு கணுவளவே.

“ஹஸ்ரத், பூட்டுறது வேற, பொருந்துறது வேற. ஒரு பெரிய பள்ளத்துல இது கழண்டிருந்தா, முன்முனை றோட்டுல குத்தி வேனையே புரட்டியிருக்கும்” என்றார்.

என் கைகள் குளிர்ந்துபோயின.

பழைய குழாயில் துண்டு ஒட்டுவதற்கு அவர் இணங்கவில்லை. லேத் பட்டறையில் உரிய நீளத்துக்குப் புதிய குழாய் வெட்டி, இரு முனைகளின் கவைகளும் ஒரே நேர்கோட்டில் அமையும்படி ஒட்டி, சுழலவிட்டு எடைச் சமன் பார்த்தார்கள். பின்னர் கோணத்தை அளந்தார். ஷாஃப்டின் முனையிலுள்ள சிலுவை மூட்டு சாய்வாகச் சுழலும்போது, ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை விரைந்து இருமுறை தளரும். மறுமுனை மூட்டும் அதே அளவு சாய்ந்திருந்தால் ஒன்றின் பிழையை மற்றொன்று நேர்செய்துவிடும். இல்லையேல் நடுக்கமே மிஞ்சும். சாய்வு ஏறத்தாழ 3 பாகைக்குள் இருப்பது நல்லது. முற்றிலும் நேராக இருந்தாலும் மூட்டினுள் உள்ள ஊசி உருளைகள் நகராமல் ஓரிடத்திலேயே தேய்ந்துவிடும். கியர்பொக்ஸைத் தாங்கும் இடத்தில் ஒரு தகடு வைத்து உயர்த்தியதும் இரு கோணங்களும் ஒத்துவந்தன. நடுக்கம் அடங்கியது.

அந்த வாரம் வகுப்பில் நான் கற்பித்துக்கொண்டிருந்தது 83ஆம் அத்தியாயமாகிய சூரத்துல் முதஃப்பிஃபீன். அளவில் குறைவு செய்வோரைப் பற்றிய எச்சரிக்கையோடு தொடங்கும் சூரா அது. தராசு பிடிக்கும் வியாபாரியை உதாரணம் காட்டியே இத்தனை காலமும் அதனை விளக்கி வந்திருக்கிறேன். அன்று என்னால் வாய் திறக்க இயலவில்லை. அளக்கவே நேரமில்லை என்று அவசரப்பட்டவனும் குறைவு செய்தவன்தானே? குறைந்தது 45 மில்லிமீட்டர். அதன்மேல் அமர்ந்திருந்தவை பதினொரு அமானிதங்கள்.

பெற்றோரை அழைத்து நடந்ததை மறைக்காமல் சொன்னேன். நான்கு நாட்கள் உங்கள் பிள்ளைகளை ஆபத்தில் ஏற்றிச் சென்றேன், மன்னியுங்கள் என்றேன். சிறிது நேரம் எவரும் பேசவில்லை. பின்னர் ஒரு தந்தை, “இப்ப அளந்தாச்சா ஹஸ்ரத்?” என்று மட்டும் கேட்டார். அளந்த தாளைக் காட்டினேன். மறுநாள் காலை அவருடைய மகனே முதலாவதாக வேனில் ஏறினான்.

கியர்பொக்ஸ் மாற்றும் சகோதரர்களே, புதியதைப் பூட்டுமுன் பழையதன் நீளத்தையும் பல் எண்ணிக்கையையும் அதனோடு ஒப்பிட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மெக்கானிக்கை அவசரப்படுத்தாதீர்கள். நம்மை நம்பி ஏறுபவர்களின் விடயத்தில் அளவைச் சரியாக நிறைவேற்றுவோராக வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக. ஆமீன்.