காரை ஓடைகளில் அம்மோனைட் வேட்டை

பெங்களூரு லால்பாக் பாறை ஏறக்குறைய 300 கோடி ஆண்டு பழையது. 1975-இல் தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. பூமியின் ஆழத்தில் வெந்து இறுகிய அந்த நைஸ் பாறையில் எத்தனை உளி வைத்தாலும் ஒரு சிப்பிகூட அகப்படாது. அதனால் அம்மோனைட் என்னும் சுருளோட்டுக் கடலுயிரியின் புதைபடிவத்தைத் தேடும் பெங்களூருக்காரர்கள் இரவுப் பேருந்தில் சேலம், ஆத்தூர் கடந்து பெரம்பலூரில் வந்து இறங்குகிறார்கள். அப்படிக் கிளம்பிய ஒரு நிலவியல் மாணவர் குழுவோடு நானும் ஒட்டிக்கொண்டேன்.

காரை கிராமத்தை ஒட்டிய களிமண் மேடுகளை மழை ஓடை ஓடையாக அறுத்துப் போட்டிருக்கிறது. வெயிலில் ஜிப்சம் தகடுகள் மின்னுகின்றன. கோண்டுவானா என்னும் பழைய பெருங்கண்டம் உடைந்து இந்தியா பிரிந்தபின், கிரெட்டேசியக் காலத்தில் காவிரிப் படுகைக்குள் கடல் ஏறியது. சுமார் 11 கோடியிலிருந்து 9 கோடி ஆண்டுகளுக்கு முன்பு அதன் அடியில் படிந்த சேறுதான் இன்று காலில் ஒட்டுகிறது.

“மழை நின்ன மறுநா வரணும் தம்பி. கழுவி மேல போட்டிருக்கும்” என்றார் அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மா. மாணவர்களின் ஆசிரியர் தலையாட்டினார். அவர் சொல்லும் முதல் பாடமும் அதுதான்.

இவர்கள் சுத்தியலை அதிகம் எடுப்பதில்லை. காலை வெயில் சாய்வாக விழும்போது, அதற்கு எதிர்முகமாகக் குனிந்து நடக்கிறார்கள்; ஓட்டின் வரிகள் நிழல் விழுந்து காட்டிக்கொடுக்கும். விரல் நீளத்தில் கூர்முனையோடு கிடப்பவை கணவாயின் தூரத்து உறவான பெலம்னைட்டுகள். அவை ஏராளம் என்பதால் யாரும் நிற்பதில்லை. அம்மோனைட் அப்படியல்ல. முழுச் சுருள் அபூர்வம். ஆட்டுக்கடாவின் கொம்பை ஒடித்ததுபோல் கால்வட்டத் துண்டுகளே பெரும்பாலும் சிக்கும்.

ஒரு மாணவி அப்படிப்பட்ட துண்டொன்றின் மேல் தண்ணீர் ஊற்றிப் பல் துலக்கும் பிரஷால் தேய்த்தாள். மேலோடு கரைந்துபோன இடத்தில் கிளைவிட்டு, கிளைக்குள் கிளைவிட்டு ஒரு கோடு எழுந்தது. உயிரினம் கடைசி அறையில் வாழ்ந்தது. முந்தைய அறைகளில் வாயு நிரம்பியிருந்ததால் மிதந்தது. அறைச் சுவர் ஓட்டைத் தொட்ட தடமே அந்தக் கோடு. இனத்தை அடையாளம் காண முக்கியமான சான்றும் அதுவே.

“இன் சிட்டுவா, ஃப்ளோட்டா?” என்று ஆசிரியர் கேட்டார். அடுக்கிலேயே பதிந்திருந்ததா, உருண்டு வந்து கிடந்ததா என்பது கேள்வி. “ஃப்ளோட்தான், சார்.” அதுவும் குறிப்பேட்டில் ஏறியது. ஜிபிஎஸ் எண், அடுக்கின் நிறம், தேதி எழுதிய சீட்டோடு துண்டைச் செய்தித்தாளில் சுற்றினார்கள்.

இந்தக் கறாருக்குக் காரணம் உண்டு. அம்மோனைட் இனங்கள் வேகமாகத் தோன்றி வேகமாக மறைந்தன. கடல்வழியே நெடுந்தூரம் பரவின. எந்த அடுக்கில் எந்த இனம் என்று தெரிந்தால் காரைப் பாறையை மடகாஸ்கர் பாறையோடும் ஐரோப்பியப் பாறையோடும் வயது ஒப்பிடலாம். அடுக்கு தெரியாவிட்டால் ஒப்பீட்டுக்கு வழியில்லை.

இந்த வேலைக்கு இங்கே நீண்ட மரபும் இருக்கிறது. பாண்டிச்சேரி, திருச்சிப் பகுதிகளில் கேயும் கன்லிஃபும் சேகரித்தவற்றை எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846-இல் லண்டனில் விவரித்தார். பின்னர் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் எச். எஃப். பிளான்ஃபோர்ட் இப்பகுதியை நடந்து வரைபடமாக்கினார். 1860-களில் இங்கிருந்து போன அம்மோனைட்டுகளை ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா விவரித்தார். பிளான்ஃபோர்ட் பெயரிட்ட ஓர் இனம் இன்று ‘பிளாசென்டிசெராஸ் தமுலிகம்’. தமிழ் நிலத்தின் பெயர் அதில் நிற்கிறது. பிறர் சேகரித்ததை வைத்து எழுதியவர்களுக்குச் சீட்டில் இருந்த ஊரும் அடுக்குமே பிடிமானம்.

அரியலூர்ப் பக்கம் நிலைமை வேறு. அங்கே இதே கிரெட்டேசியக் கடலின் பிந்தைய படிவுகளைச் சிமெண்டுக்காக வெட்டுகிறார்கள். வெட்டுமுகத்தில் புதிய அடுக்குகள் தெரிகின்றன. யாரும் பார்த்துக் குறிக்காதது சுண்ணாம்போடு சேர்ந்து அரைபடுகிறது.

மதியம் அந்த அம்மா முந்தானையில் முடிந்து வைத்திருந்த ஒன்றைக் காட்டினார். அன்றைய சேகரிப்பிலேயே அழகான சுருள், உள்வட்டம்கூட உடையவில்லை. “எந்த ஓடையில எடுத்தீங்க, அம்மா?”

“எந்த ஓடைன்னு சொல்றது? பேரப்புள்ள வெளையாடக் கொண்டாந்தான்.”

ஆசிரியர் அதைப் படமெடுத்துக்கொண்டு, பேரனிடமே கொடுக்கச் சொல்லித் திருப்பித் தந்தார். குறிப்பேட்டில் அதற்கு எண் போடவில்லை. பிரஷால் தேய்த்த கால்வட்டத் துண்டுக்கு எண் விழுந்தது.